மெஷினை விட்டு எழுந்தபின் தூக்கம் போய்விட்டது

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். 28 மெஷின் உள்ள லைன். பாதி நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதே இல்லை. பீஸ் குறைந்தால் நானே மெஷினில் உட்கார்ந்து தைத்துவிடுகிறேன். வீட்டுக்குப் போனாலும் லைன்தான் கண்ணில் நிற்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு பக்கத்து மெஷினில் இருந்த அக்கா இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திரும்பவும் மெஷினுக்கே போய்விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, "நானே உட்கார்ந்து தைத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்கள் சாப்பாடும் தூக்கமும் போகின்றன. ஒன்பது வருடம் கைவேலையால் பெயர் வாங்கியவர் நீங்கள். மனம் கலங்கும்போது கை தானாக மெஷினைத் தேடுகிறது. தைத்துக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம்தான் நாள் முழுவதிலும் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த அரை மணியில் லைனில் நடப்பதைப் பாருங்கள். கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டி, வைக்கும் மெஷினில் மணிக்கு 100 பீஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் அறுந்து, மெக்கானிக் வர 20 நிமிடம் ஆனால் 33 பீஸ் போய்விட்டது. அதே நேரத்தில் நீங்கள் தோள் மூட்டும் மெஷினில் தலை குனிந்து 40 பீஸ் ஓட்டியிருப்பீர்கள். அந்த 40 பீஸும் கழுத்து மெஷினுக்கு முன்னால் குவிந்து கிடக்கும். பேக்கிங்குக்கு ஒன்றுகூடப் போகாது. நீங்கள் நின்றுகொண்டிருந்தால் நின்றுபோன மெஷினை முதல் நிமிடத்திலேயே பார்த்திருப்பீர்கள், மெக்கானிக்கும் அப்போதே வந்திருப்பார். 28 பேரின் வேலையைப் பார்ப்பதுதான் இப்போது உங்கள் வேலை. அதனால் இந்த வாரத்திலிருந்து மெஷினில் உட்காருவதற்கு ஒரே ஒரு காரணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக.

சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தின்கீழ் லட்சக்கணக்கான சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அதில் வந்த முறை எளிமையானது. முதலில் பயத்தைப் போக்கி உட்கார வைக்க வேண்டும். பிறகு நீங்கள் மெதுவாகச் செய்துகாட்டி, எந்த இடத்தில் தவறு வரும், ஏன் வரும் என்று சொல்ல வேண்டும். அதன்பின் அவரையே செய்யவைத்து, ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். கடைசியில் அவரைத் தனியாக விட்டு, முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது படியைத்தான் நம் லைன்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் தானே சொல்லிவிட்டால் நாளைக்கு ஆல்டர் பீஸ், அதாவது தவறாகத் தைத்துத் திருத்த வேண்டிய பீஸ், குறையும், நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மதிய மணி அடித்ததும் லைனை விட்டு வெளியே போய், உட்கார்ந்து சாப்பிடுங்கள். லைனே நிற்கும்போது நீங்கள் மட்டும் அங்கே நின்று காப்பாற்றப் போவது ஒன்றுமில்லை. இதோடு இன்னொன்று. பாத்ரூம் போக நேரமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் சூப்பர்வைசர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் பாத்ரூம் போகும் பத்து நிமிடத்துக்கு லைனைப் பார்த்துக்கொள்ள ஒரு மூத்த டெய்லரிடம் இன்றே சொல்லி வையுங்கள். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த அக்காவின் விஷயம் எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஒன்பது வருடம் ஒரே டப்பாவில் பகிர்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். பதவி வந்ததும் முதலில் விலகுவது நெருங்கியவர்தான். இனி தன்னிடம் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து வாசலில் நிற்கும்போது, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களே பேசுங்கள். "அக்கா, எனக்கு உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஆல்டர் வந்தால் உங்களுக்கு ஒரு மாதிரி, மற்றவர்களுக்கு ஒரு மாதிரி என்று என்னால் நடக்க முடியாது. குறை இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டேன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். பழைய நெருக்கம் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன், மரியாதை திரும்பும்.

மேலே இருப்பவருக்கும் உங்கள் கணக்கு முன்கூட்டியே போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு "பீஸ் வரவில்லை" என்றால் திட்டுதான் கிடைக்கும். காலை 11 மணிக்கே, "இன்று 900 வராது, 780 வரும். கழுத்துக்கு ஒரு டெய்லர் தந்தால் 850 வரை கொண்டுவரலாம்" என்று சொன்னால் முடிவெடுக்கும் வேலை அவரிடம் போய்விடும். அதை நீங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

தூக்கத்துக்கு ஒரு சிறு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். 'கழுத்து மெஷினுக்கு மாற்று ஆள் கேட்க வேண்டும்' என்பதுபோலக் குறிப்பாக எழுதுங்கள். அந்தச் சோதனை படுத்தவுடன் தூங்குவதைப் பற்றியது. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர், இரண்டு மணிக்கு விழித்தாலும் "அது நோட்டில் இருக்கிறது" என்று திரும்பிப் படுக்க முடிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் மாலை ஏழு மணி டீயையும் விட்டுவிடுங்கள். டீயில் இருந்து தூக்கத்தைக் கலைக்கும் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். யாரிடமும் சொல்ல முடியாத நேரம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெஷினுக்குத் திரும்புவதில் எந்தக் கேவலமும் இல்லை. பீஸ் ரேட்டில் வேகமாகத் தைப்பவர் சூப்பர்வைசர் சம்பளத்துக்கு மேல் வாங்குவது திருப்பூரில் புதிதல்ல. ஆனால் தூக்கமில்லாத மாதத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். மூன்று மாதம் மேலே சொன்னபடி செய்து பாருங்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று எண்களைக் குறியுங்கள்: எத்தனை நாள் மதியம் சாப்பிட்டீர்கள், எத்தனை இரவு முழுதாகத் தூங்கினீர்கள், எத்தனை பேருக்குப் புதிதாக ஒரு வேலை சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.