அமெரிக்காவில் தேசப் பாதுகாப்பு எப்போதிலிருந்து கட்சிச் சண்டை ஆனது?

"முன்பெல்லாம் நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் இரண்டு கட்சிகளும் ஒன்றாக நிற்குமாம், இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் இங்கே படிக்க வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. கூடத் தங்கியிருப்பவர்கள் செய்திச் சேனலைப் போட்டுவிட்டு வாக்குவாதம் செய்வதைக் கேட்டுக் குழம்பியிருப்பீர்கள். நானும் அப்படிக் குழம்பி, ஒரு நல்ல மனிதரின் மனம் நோகப் பேசியவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. ஆர்தர் வாண்டன்பெர்க் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் 1948-இல் செனட் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்தபோது, எதிர்க்கட்சி அதிபர் ட்ரூமனோடு சேர்ந்து, போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு உதவும் மார்ஷல் திட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தார். கட்சி அரசியல் கடற்கரையோடு நின்றுவிட வேண்டும், அதாவது வெளிநாட்டு விஷயத்தில் கட்சிச் சண்டை கூடாது என்ற பேச்சு அவர் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில், 1950 தேர்தலில், மேரிலாந்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டைடிங்ஸை என்ன செய்தார்கள் தெரியுமா? அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகளை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் ப்ரௌடரோடு அவர் நின்று பேசுவதுபோல இரண்டு படங்களை ஒட்டி அச்சடித்து வீடு வீடாக விநியோகித்தார்கள். டைடிங்ஸ் தோற்றார். ஆக, அந்தப் பொற்காலம் என்பது அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். 1999-இல் எச்-1பி விசாவில் அட்லாண்டா வந்தேன். 2002-இல் பக்கத்தில் மரியட்டாவில் ஒரு அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், ஒரு காது சரியாகக் கேட்காது. சனிக்கிழமை காலையில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நான் காபியோடு இறங்கினால் முதலில் என் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், அப்புறம்தான் பேச்சு.

அந்த அக்டோபரில் தொலைக்காட்சியில் ஒரு தேர்தல் விளம்பரம் வந்தது. அரை நிமிடம்தான் இருக்கும். முதலில் ஒசாமா பின்லேடன் படம், சதாம் உசேன் படம். உடனே ஜார்ஜியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் மேக்ஸ் க்ளீலண்ட். உள்நாட்டுப் பாதுகாப்புக்கான அதிபரின் முயற்சிகளுக்கு எதிராக இவர் 11 முறை ஓட்டுப் போட்டார் என்று ஒரு குரல் சொல்லும். இரட்டைக் கோபுரம் விழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அன்று சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னேன், "இப்படியும் ஒரு ஆளா?"

சனிக்கிழமை அதையே பெரியவரிடம் கேட்டேன். நாடு ஆபத்தில் இருக்கும்போது ஒருவர் ஏன் 11 முறை எதிர்த்து ஓட்டுப் போடுகிறார், அவருக்கு நாட்டின் மேல் அக்கறை இல்லையா என்று.

பெரியவர் குழந்தையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவருக்கு எத்தனை கால் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. க்ளீலண்ட் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதே எனக்குத் தெரியாது. 1968 ஏப்ரலில் வியட்நாமின் கே சான் அருகே ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவர், தரையில் கிடந்த கையெறி குண்டை எடுக்கக் குனிந்தார். அது வெடித்து இரண்டு கால்களும் வலது கையும் போயின. வயது 25. அது தன்னிடமிருந்து விழுந்த குண்டு என்று முப்பது வருடம் தன்னையே நொந்துகொண்டிருந்தார். வேறொரு வீரரிடமிருந்து விழுந்தது என்று 1999-இல்தான் அவருக்குத் தெரிந்தது. கார்ட்டர் ஆட்சியில் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் தலைவராக இருந்தவரும் இவர்தான்.

சரி, அந்த 11 ஓட்டு? பெரியவர் அதைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து விளக்கினார். 22 அமைப்புகளை ஒன்றாக்கி, சுமார் 1,70,000 ஊழியர்களோடு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்ற புதிய துறை வரப்போகிறது. அந்தத் துறையை முதலில் கேட்டதே லீபர்மன் போன்ற ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான், க்ளீலண்டும் அவர்களோடு நின்றார். அதிபர் புஷ் முதலில் வேண்டாம் என்றார், 2002 ஜூனில் மனம் மாறித் தானே அறிவித்தார். துறை வேண்டுமா வேண்டாமா என்பதில் சண்டையே இல்லை. அந்த ஊழியர்களுக்குச் சங்க உரிமையும் பணிப் பாதுகாப்பும் தொடருமா, அதிபர் நினைத்தால் எடுத்துவிடலாமா என்பதில்தான் சண்டை. பெரியவர் தபால் துறைக்காரர் அல்லவா, 1970 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தங்களுக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை உரிமையே வந்தது என்று விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். "நான் 2000-இல் புஷ்ஷுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றும் சொன்னார். அந்த நவம்பரில் யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. அதே அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானம் செனட்டில் 77–23 என்று நிறைவேறியது. ஆதரித்த 77 பேரில் க்ளீலண்டும் ஒருவர். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். போருக்கே ஆதரவாக ஓட்டுப் போட்ட பிறகும் அந்த விளம்பரத்திலிருந்து அவருக்கு விடிவு கிடைக்கவில்லை. தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் சாக்ஸ்பி சாம்ப்லிஸ், படிப்புக்காகவும் முழங்கால் கோளாறுக்காகவும் வியட்நாம் போருக்குப் போகாதவர். அவர் சுமார் 53 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். குடியரசுக் கட்சியிலேயே ஜான் மெக்கேனும் சக் ஹேகலும் அந்த விளம்பரத்தைக் கண்டித்தார்கள். இருவரும் வியட்நாமில் போர் புரிந்தவர்கள்.

உடனே ஒருவர் வந்து, "விளம்பரத்தால்தான் தோற்றார் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வருடம் ஜார்ஜியாவில், பழைய தென்மாநிலப் போர்க்கொடிச் சின்னம் பெரிதாக இருந்த மாநிலக் கொடியை ஆளுநர் மாற்றிய விவகாரம் பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. அந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராய் பார்ன்ஸும் தோற்றார், சுமார் 130 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி ஆளுநர் வந்தார். காற்றே அந்தப் பக்கம் அடித்தது. நான் சொல்வது என் தலைக்குள் நடந்ததைப் பற்றி. ஊழியர் உரிமை பற்றிய ஒரு ஓட்டு, அரை நிமிடத்தில், எனக்குத் துரோகமாகத் தெரிந்தது.

இன்னொருவர், "நீ ஜனநாயகக் கட்சி ஆள்" என்பார். இல்லை. 1960-இல் ரஷ்யாவைவிட நாம் ஏவுகணையில் பின்தங்கிவிட்டோம் என்று பயமுறுத்தி ஓட்டுக் கேட்டவர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி. பதவிக்கு வந்த பிறகு பார்த்தால் முன்னால் இருந்தது அமெரிக்காதான். 1964-இல் பூவிதழ் பிய்க்கும் சிறுமியைக் காட்டி, அடுத்த நொடி அணுகுண்டு வெடிப்பதைக் காட்டி, எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டர் வந்தால் இதுதான் என்று நினைக்க வைத்தவர்கள் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனின் ஆட்கள். அது காசு கொடுத்து ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பானது, அதுவே போதுமானதாக இருந்தது. இதை நான் எந்தக் கட்சிக்கும் மன்னிக்கமாட்டேன்.

பெரியவர் சொன்னதைச் சரிபார்க்க அப்போது நூலகத்துக்குத்தான் போனேன். ஞாயிறு மதியம் திறந்திருக்கும். பழைய நாளிதழ்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த ஓட்டு எந்தத் திருத்தத்தின் மீது என்று தேட நூலகர் அம்மா ஒருவர் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், நான் ஓட்டுரிமை இல்லாதவன் என்று தெரிந்தும். இப்போது நான் இருக்கும் ஊரில் ஞாயிறு நூலகம் மூடல், நாளிதழ் அடுக்கையே எடுத்துவிட்டார்கள். கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அதே வருடம் பள்ளி விளையாட்டு மைதானத்துக்குப் புது விளக்குக் கம்பங்கள் வந்தன. இரண்டு முறை ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், ஆனால் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போதைய நிலைமை பற்றிக் கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரின் தகவல் தொடர்புகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணை இல்லாமல் கண்காணிக்க, வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 702-ஆம் பிரிவை 2008-இல் கொண்டுவந்தார்கள். அவர்கள் அமெரிக்கர்களோடு பேசினால் அதுவும் வலையில் விழும். அப்படி விழுந்த அமெரிக்கர்களின் தகவலைத் தேட எஃப்பிஐ நீதிமன்ற ஆணை வாங்க வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 212–212 என்று சமமாகி விழுந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவோடு தினமும் பேசுகிறவன் என்பதால் அன்று முழுக்க அந்த விவாதத்தைப் பார்த்தேன். அதனால் எல்லாமே கட்சிச் சண்டை என்றும் சொல்லமாட்டேன். தேர்தல் நெருங்கும்போதுதான் இந்த ஓட்டுகளிலிருந்து மசோதாவின் பெயரும் உள்ளடக்கமும் கழன்று விழுந்து, "எதிர்த்தார்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சுகிறது.

க்ளீலண்ட் 2021 நவம்பரில் இறந்தார். பெரியவர் அதற்கு வெகு முன்பே மகள் வீட்டோடு போய்விட்டார். அன்று அப்படிப் பேசியதற்காக அவரிடம் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

"இங்கே வந்து பிழைத்துக்கொண்டு இந்த நாட்டையே குறை சொல்கிறாய்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: நான் இப்போது இந்த நாட்டுக் குடிமகன், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. க்ளீலண்ட் தோற்ற இரண்டே வாரத்தில் அந்தத் துறைக்கான மசோதா செனட்டில் 90–9 என்று நிறைவேறியது. ஆதரித்த 90 பேரில் அவரும் இருந்தார். ஊழியர்களின் உரிமையைக் குறைத்துக் கொண்டுவந்த விதிகளின் முக்கியப் பகுதியை 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றமே தடுத்தது. அதைப் பற்றி எந்த விளம்பரமும் நான் பார்க்கவில்லை. அந்த 11 ஓட்டுகளும் செனட் பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.