இரண்டு பாத்திரங்களும் ஒரு தொலைபேசியும்

கேள்வி: டேவிட் மாமெட் எழுதிய ‘ஒலியானா’ நாடகத்தைப் பற்றிப் படித்தேன். ஒரு பேராசிரியர், ஒரு மாணவி என இரண்டே பாத்திரங்கள். 1992-இல் அமெரிக்காவில் சின்ன அரங்குகளில் போட்டபோது, பார்க்க வந்த கணவன் மனைவியே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்களாமே! நியாயம் யார் பக்கம்? நம் ஊரில் இப்படியொரு நாடகம் போட யாருக்காவது துணிச்சல் உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ‘இரண்டே பாத்திரங்கள்’ என்று நீங்கள் வாய்பிளப்பதைப் பார்த்ததும் எனக்கு நாடகம் மறந்து சமையற்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டே பாத்திரங்களில் தனி ஆள் குடித்தனமே நடத்திவிடலாம். ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு. நம் சபா நாடகக்காரர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகாது. மாமா, மாமி, காது கேட்காத தாத்தா, அமெரிக்க மாப்பிள்ளை, கல்யாணத் தரகர், கடைசிக் காட்சியில் தலைகாட்டும் இன்ஸ்பெக்டர் என்று ஒரு வாடகைப் பாத்திரக் கடையையே மேடையில் இறக்கிவிடுவார்கள். எல்லாம் பளபளவென்று இருக்கும். எதிலும் பண்டம் இருக்காது.

பண்டமெல்லாம் கேண்டீனில். ஒரு சபாவில் (பெயர் வேண்டாம், செயலாளர் இன்னும் என்னுடன் பேசுவதில்லை) உருக்கமான கட்டம். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் கேண்டீனில் யாரோ ஒரு அண்டாவைக் கீழே போட்டார்கள். அது உருண்டு, சுழன்று, அடங்கப் பத்து விநாடி ஆயிற்று. அன்று மாலை கிடைத்த பெரிய கைதட்டல் அந்தப் பாத்திரத்துக்குத்தான். இதை இதே பக்கத்தில் முன்பு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கருத்தில் மாற்றமில்லை. அவர்களுடைய கீரை வடை விஷயத்தில் மட்டும் சற்று இறங்கிவரத் தயார்.

சரி, ஒலியானா. உங்கள் கணக்கு தப்பு. அதில் மூன்று பாத்திரங்கள். மூன்றாவது, பேராசிரியரின் மேஜைமேல் இருக்கும் தொலைபேசி. திரை விலகும்போதே ஜான் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். வேலை நிரந்தரமாகப் போகிறது, அதை நம்பி வீடு வாங்குகிறார், நிலத்தில் ஏதோ வில்லங்கம். எதிரே மாணவி கரோல் காத்திருக்கிறாள். பாடம் புரியவில்லை, தேறமாட்டோம் என்ற பயம். அவர் ஒருவழியாகப் பேசி முடித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘கலைச்சொல்’ என்றால் என்ன என்பதுதான். அவர் தொலைபேசியில் உதிர்த்த வார்த்தை அது. வாத்தியார் மழுப்புகிறார்.

பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று அந்தப் பெண் தட்டுத்தடுமாறி வாயெடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து மணி அடிக்கிறது. அவர் எடுக்கிறார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது கடைசிவரை அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நியாயம் யார் பக்கம் என்று கேட்டீர்கள். எனக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ‘என் அறைக்கு மறுபடியும் வா, உனக்கு முதல்தர மதிப்பெண் போட்டுவிடுகிறேன்’ என்று அவர் சொல்வதும், தேற்றுவதாக எண்ணித் தோளில் கைபோடுவதும் அதற்கு முன்பே வந்துவிடுபவை; எனக்கு அவை இரண்டாம்பட்சம். பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். அவள் பிச்சைக்கே வரவில்லை, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்தாள். நம் கல்லூரிகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மாணவர்களைக் காய்கறி வாங்கிவர அனுப்பிய பெருமக்களை எனக்குத் தெரியும். அவர்களும் தங்களைத் தாராள மனத்துக்காரர்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இதனால் மாமெட்டுக்கு நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டதாக எண்ணாதீர்கள். முதல் காட்சியில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறுகிற பெண், அடுத்த காட்சியில் அவர்மீது புகார் கொடுத்துவிட்டு வக்கீல்போல் பேசுகிறாள். இடையில் அவளுக்கு ஒரு ‘குழு’ கிடைத்திருக்கிறது. அந்தக் குழுவை நாம் பார்ப்பதே இல்லை. வெளியே போகவிடாமல் அவர் அவளைத் தடுத்ததை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். அதை அவள் பலாத்கார முயற்சி என்கிறாள். பார்க்க வந்தவர்களை வாத்தியாரின் சாட்சிகளாக மாற்றிவிடும் வேலை இது. தராசுத் தட்டுக்கு அடியில் ஆசிரியர் புளியை ஒட்டி வைத்திருக்கிறார். கடைசியில், மனைவியைத் தொலைபேசியில் (ஆமாம், மறுபடியும் தொலைபேசி) செல்லமாகக் கூப்பிடாதே என்று அவள் சொல்ல, அவர் அவளை அடித்து, நாற்காலியைத் தூக்குகிறார். நியூயார்க்கில் ஏறத்தாழ 350 இருக்கைகள் கொண்ட ஆர்ஃபியம் அரங்கில் அந்த அடிக்குக் கைதட்டினார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டிருந்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் மீது, அவரிடம் முன்பு வேலை பார்த்த அனிதா ஹில் சொன்ன பாலியல் தொல்லைப் புகாரை 1991 அக்டோபரில் அமெரிக்காவே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அந்தச் சூடு ஆறாத நேரம். கைதட்டியவர்களோடு ஒப்பிட்டால் என் அண்டாக் கூட்டம் தங்கம்.

1993-இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் இதை இயக்கிய ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டர், மாமெட் முதலில் எழுதிக் கைவிட்ட முடிவைத் தேடி எடுத்துப் போட்டார். அதில் பேராசிரியர், தம் தவறுகளை ஒப்புக்கொள்ளும்படி அவள் நீட்டும் அறிக்கையை வாங்கிப் படிக்கிறார். எனக்கு அதுதான் பிடித்தது.

துணிச்சலா? நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்துசெய்துவிட்டது. எனவே இன்ஸ்பெக்டரைச் சாக்குச் சொல்ல முடியாது. தேவை ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. கேண்டீனைப் பூட்டிவைத்தால் நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

தலைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓலே புல் என்ற நார்வே வயலின் வித்வான் 1852-இல் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கி, தம் நாட்டவரைக் குடியேற்றி, ‘ஒலியானா’ என்று பெயர் வைத்தார். மலையும் காடும். விவசாயம் நடக்கவில்லை. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள், ஊரில் கேலிப்பாட்டுப் பாடினார்கள். அந்தப் பெயர்தான் இது. நானும் ஒரு விளம்பரத்தில் ‘பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று நடிகர் ஒருவர் சொன்னதை நம்பி, முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு மனை வாங்கினேன். இன்றைக்கும் அங்கே வேலிக்காத்தான்தான் குடியிருக்கிறது. ஜானுக்காவது வில்லங்கத்தை முன்கூட்டியே சொல்லத் தொலைபேசியில் ஆள் இருந்தது.