நெருப்பு செய்தது பாதிதான்

கேள்வி: 2016-ல் தில்லி மண்டி ஹவுஸ் பக்கம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்ததைப் பற்றிப் போன இதழில் மறுபடி எழுதியிருந்தீர்கள். உயிர்ச்சேதம் இல்லை. எரிந்தவை பஞ்சு அடைத்த விலங்குகள். தீப்பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்? வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எதற்கு இந்தப் புலம்பல்?
— ஒரு வாசகர், கரோல் பாக்

பதில்: நிறையச் செய்திருக்க முடியும். அதனால்தான் மனது ஆறவில்லை.

அன்று ஏப்ரல் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். தீ பிடித்தது மேல்மாடியில். நெருப்புக்கு மேலே ஏறத்தான் அவசரம். கீழே இறங்க அதற்கு நேரம் பிடிக்கும். அப்படியும் அது மாடி மாடியாக இறங்கியது. கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை என்று தீயணைப்புத் துறையினரே சொன்னார்கள். அவர்களில் சிலர் புகையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அருங்காட்சியகங்களில் தீத்தடுப்புத் தணிக்கை நடத்த அமைச்சர் உத்தரவு போட்டது எல்லாம் எரிந்த பிறகு.

1972-ல், சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டில், இந்திரா காந்தி முன்வைத்த யோசனை இந்த அருங்காட்சியகம். 1978 ஜூன் 5-ல் திறந்தார்கள். எரிந்த நாள்வரை 38 ஆண்டுகள் வாடகைக் கட்டடத்தில்தான் இருந்தது. வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் யார் சரி செய்வது என்று நீங்களும் வீட்டுக்காரரும் எத்தனை முறை பேசியிருப்பீர்கள்? தேசத்தின் சேகரிப்பை அந்த நிலையில் 38 வருஷம் வைத்திருந்தோம். நெருப்பு வந்தது கடைசி ஒரு ராத்திரிதான்.

பஞ்சு அடைத்த விலங்குகள் என்கிறீர்கள். பாடம் செய்த விலங்கின் தோல் நிஜத் தோல். எந்தக் காட்டில், எந்த ஆண்டில் கிடைத்தது என்ற குறிப்போடு இருக்கும் உடல் ஓர் ஆவணம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அப்படி ஒரு புலியையோ சிறுத்தையையோ நினைத்தபோது சேகரித்துவிட முடியாது, முடியவும் கூடாது. சுமார் 16 கோடி ஆண்டு பழமையான டைனோசர் எலும்பும் அங்கே இருந்தது. அதற்கு எந்தக் கடையில் ஆர்டர் கொடுப்பது? பிள்ளைகள் பொருள்களைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போ என்று சொல்லாத இடம், ஐயா. தில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அது சொந்தமாகத்தான் இருந்தது.

புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சுக்கு நம் ஊரிலேயே பதில் உண்டு. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. கடைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள், சரி. அந்தச் சிவப்புக் கட்டடம் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்குகிறோம்.

கருவி இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2019-ல் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் அலாரம் சரியாகவே அடித்தது. காவலாளி போய்ப் பார்த்தது வேறு கூரையை. அரை மணி நேரம் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் 200 வயதான தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பக்கத்திலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் இல்லை. மாதம் ஒருமுறை அந்தக் குழாயைத் திறந்து பார்க்க ஓர் ஆள் போதும். அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் எந்த நாட்டிலும் மனசு வருவதில்லை.

யார் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள் அல்லவா? நீங்களே செய்யலாம். அடுத்த முறை பேரப்பிள்ளையை ஓர் அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ கூட்டிப் போகும்போது, சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரின் சீட்டில் என்ன தேதி என்று பாருங்கள். அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, அதன் முன்னால் பழைய நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய அரசு நிறுவனம் என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: தீயணைப்புத் துறையின் சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும்? கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது? 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள். இரண்டில் எது என்றாலும் இதே பக்கத்தில் பிரசுரிக்கிறோம்.