பிற நாட்டுத் தீர்ப்பும் நம் அரசமைப்பும்

கேள்வி: நம் அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதற்கு உச்ச நீதிமன்றம் அமெரிக்க, தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுகிறதே, இறையாண்மை உள்ள நாட்டுக்கு இது இழுக்கு அல்லவா?

பதில்: இழுக்கு அல்ல. பிற நாட்டுத் தீர்ப்பு எதுவும் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. மேற்கோள் காட்டுவதைக் கீழ்ப்படிவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்படி மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்களானால், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்திருக்கும்.

தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 1995இல் மக்வன்யானே வழக்கில் மரண தண்டனையை ஒழித்தபோது, அதை ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் செல்லும் என்று 1980இல் ஏற்றுக்கொண்ட நம் உச்ச நீதிமன்றத்தின் பச்சன் சிங் தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் முன்னே வைக்கப்பட்டது. நீதிமன்றத் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் அதை ஒதுக்கிவிடவில்லை. இரு நாட்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவரின் உயிரைப் பறிக்க முடியும் என்பதற்கு நம் 21ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அவர்களுடைய இடைக்கால அரசமைப்போ அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இன்றி வாழும் உரிமையை வழங்கியிருந்தது. ஆகவே இந்திய முடிவு தங்களுக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு எழுதினார். பின்பற்றப்படாத ஒரு தீர்ப்பு, தம் சொந்தச் சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் கூர்ந்து படிக்க உதவியது. ஒப்பீட்டின் பயன் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறாக, ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு குறித்த 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், வெளிநாட்டுத் தீர்ப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே பொருத்த முடியாது என்றனர். அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் அந்தப் பிரிவுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் எடுத்துக்காட்டிய வெளிநாட்டுத் தீர்ப்புகள் எந்த வாசகத்தால், எந்தச் சூழலால் நமக்குப் பொருந்தவில்லை என்பதை அவர்கள் விளக்கவில்லை. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பையே தவறென்று தள்ளியது.

அந்தரங்க உரிமை குறித்த 2017ஆம் ஆண்டு வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் முதன்மைத் தீர்ப்பு பிரிட்டன், அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா என்று விரிவாகச் சுற்றி வந்தபோதும், உரிமையை நிலைநாட்டியது அடிப்படை உரிமைகளைக் கூறும் நம் அரசமைப்பின் மூன்றாம் பாகத்தின் மீதுதான். இறையாண்மையைப் பற்றிய உங்கள் கவலைக்கு இதைவிட நேரான பதில் இல்லை. கவலைப்பட வேண்டியது, தமக்குச் சாதகமான வெளிநாட்டு வரிகளை மட்டும் பக்கம் பக்கமாக எடுத்தடுக்கி, எதிரானவற்றைச் சொல்லாமல் விடும் தீர்ப்புகளைப் பற்றித்தான். பிற நாட்டுச் சட்டத்தைக் கருதிப் பார்க்கலாம் என்று தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு 39ஆவது பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. நம் அரசமைப்பில் அப்படியொரு பிரிவு கிடையாது. எனவே ஒன்றை ஏன் எடுத்தோம், மற்றொன்றை ஏன் விட்டோம் என்று எழுதிவைக்கும் கடமை நம் நீதிபதிகளுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.