அரசு மருத்துவமா, தனியார் மருத்துவமா?

கேள்வி: மருத்துவத்தை அரசே நடத்த வேண்டுமா, தனியாரிடம் விடலாமா? எது மக்களுக்கு நல்லது?

பதில்: பணம் கட்டுவது யார், சிகிச்சை தருவது யார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பிரிட்டனில் 1948 முதல் வரிப்பணத்தில் அரசே மருத்துவமனைகளை நடத்துகிறது. கனடாவில் மருத்துவர் கட்டணத்தை அரசுக் காப்பீடு தருகிறது. ஆனால் மருத்துவர்களில் பெரும்பாலோர் சுயமாகத் தொழில் செய்பவர்கள். நெதர்லாந்தில் 2006 முதல் காப்பீடே தனியார் நிறுவனங்களிடம்தான்.

தனியார் காப்பீட்டைக் கட்டுப்பாடின்றி விட்டால், நோயுள்ளவர்களே முந்திச் சேர்வார்கள். பிரீமியம் ஏறும், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், மறுபடி ஏறும். நெதர்லாந்து இதை மூன்று விதிகளால் தடுக்கிறது. அடிப்படைக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். எந்த நிறுவனமும் யாரையும் மறுக்க முடியாது. நோயாளிகளை அதிகம் சேர்த்த நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈட்டுத்தொகை உண்டு. இவற்றில் ஒன்றை உருவினாலும் மற்ற இரண்டும் தள்ளாடும்.

அரசு முறையின் கோளாறு காத்திருப்பு. ஆண்டு பட்ஜெட் முன்பே வரையறுக்கப்படுவதால், கண்புரை, இடுப்பு மூட்டு மாற்று போன்ற அவசரமற்ற அறுவை சிகிச்சைகளே முதலில் தள்ளிப்போகும். அந்த மாதங்களின் வலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் வேதனை.

ஆகவே நிதி பொதுவில் இருக்கட்டும், சிகிச்சை தருவோர் கலந்திருக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. மருத்துவருக்கு ஊதியம் தரும் விதத்தையும் கவனியுங்கள். பரிசோதனைக்கு இவ்வளவு என்றால் தேவையற்ற ஸ்கேன் பெருகும். தன்னிடம் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்றால் சிக்கலான நோயாளியைத் தட்டிக்கழிக்கத் தோன்றும். இரண்டையும் கலந்து தருவதே பாதுகாப்பு.