அடைவுக் கடைக்குப் போக வேண்டாம், ஐயா

கொட்டாஞ்சேனையிலிருந்து மகளுடன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த தந்தையொருவர், அமர்ந்ததும் ஒரு கட்டணப் பட்டியலை மேசையில் விரித்தார். பல்கலைக்கழக முதலாமாண்டில் படிக்கும் மகள் ஆங்கிலத்தில் முன்வைப்புச் செய்யும்போது திணறுகிறாள் என்றும், ஆளுமை விருத்தி டிப்ளோமா ஒன்றில் சேர்க்கும்படி கனடாவிலுள்ள சித்தப்பா வற்புறுத்துகிறார் என்றும், அதற்காகக் காப்புகளை அடைவு வைக்கத் தாம் ஆயத்தம் என்றும் கூறினார்.

பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தொடங்கினேன். தொகையைப் பார்த்த பின் அப்படிப் பேச முடியவில்லை. ஐயா, அந்தச் சான்றிதழ் சித்தப்பாவின் மனத்தை ஆற்றும். உங்கள் மகளின் தயக்கத்தைப் போக்காது.

வெள்ளப்பெருக்குப் பற்றிய அவளுடைய பத்து நிமிட முன்வைப்பை என் முன்னே செய்யச் சொன்னேன். திரையின் பக்கம் திரும்பி நின்று, ஸ்லைடில் இருந்த பந்திகளை ஒப்புவித்து, ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டாள். மடிக்கணினியை மூடிவிட்டு, 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் அம்மம்மா வீட்டில் நடந்ததைத் தமிழில் சொல்லும்படி கேட்டேன். எழுந்து போய், தண்ணீர் நின்ற மட்டத்தை என் அறைச் சுவரில் கையால் காட்டினாள். முன்வைப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழில் யோசித்து ஒழுங்குபடுத்தட்டும். ஆங்கிலத்தில் முதல் இரண்டு வசனங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் மனனம் செய்தால் போதும்.

பழகுவதற்கு, நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஓரிடம் உண்டு. 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப்பேச்சைப் பழக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் மன்றங்கள் கொழும்பில் பல இயங்குகின்றன. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் சேரலாம். முதலில் விருந்தினராகச் சென்று பார்க்கலாம். அறிமுக உரை 4 முதல் 6 நிமிடம் வரை. நான்காம் நிமிடத்தில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு எனச் சைகை காட்டுவார்கள். பேச்சில் வரும் 'ஆ', 'ம்' இழுவைகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார் (முதல் நாள் அது சற்றுக் கொடுமைதான்). இன்னொருவர் எது எடுபட்டது, எதைத் திருத்த வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். முன்கூட்டி அறிவிக்காத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. ஆசிரியர்களின் கேள்விகளுக்கு அதுவே சரியான பயிற்சி. ஆறு மாதத்துக்கொரு முறை செலுத்தும் சந்தாவுக்காகக் காப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

முகாமைத்துவத்துக்கு மாற்றிவிடும்படியும் சித்தப்பா சொல்கிறாராம். ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, ஐயா. பாடத்தை மாற்ற நான் உடன்படமாட்டேன். அவருடைய இலக்கத்தைத் தாருங்கள், நானே பேசுகிறேன்.