கணுக்காலில் அழுத்தம் ‘நல்லம்’ என்றால் பாதப் புண் ஏன் ஆறவில்லை?

அப்பாவின் கணுக்காலில் எடுத்த அழுத்தச் சுட்டி 1.4க்கு மேல் வந்ததால் இரத்தவோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பாதத்துப் புண் ஆறு கிழமையாகியும் அப்படியே கிடக்கிறது, அப்படியானால் இரத்தவோட்டத்தையும் புண் ஆறுவதையும் எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் அல்லன். திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன். இருந்தாலும், ஏறத்தாழ இதே எண் என் அம்மாவின் கிளினிக் கொப்பியிலும் எழுதப்பட்டிருந்தது. அதை நல்ல செய்தி என்று நம்பி நாங்கள் ஒன்றரை மாதத்தை வீணாக்கினோம் என்பதால், அறிந்ததை எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினான்கு வருடங்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் கோணேசர் கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொதித்துக் கிடந்த கல்லில் நடந்து வந்திருக்கிறார். உணர்வு நரம்புகள் முன்பே செத்திருந்தபடியால் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. இரவு கால் கழுவும்போது பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே கொப்புளத்தைக் கண்டது என் தங்கச்சிதான். (கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் நீரிழிவுக்காரரும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது.) கொப்புளம் உடைந்து புண்ணானது. சிகிச்சைக்குப் போன ஓரிடத்தில் கணுக்கால் அழுத்தம் எடுத்து, சுட்டி 1.5, இரத்தவோட்டத்தில் குறையில்லை, மருந்து கட்டினால் போதும் என்றார்கள்.

அந்தச் சுட்டியின் கணக்கு எளிது. கணுக்காலில் சுற்றிய பட்டையை ஊதி இறுக்கி, மெல்லத் தளர்த்தும்போது இரத்தம் திரும்பப் பாயத் தொடங்கும் அழுத்தத்தை, இரண்டு கைகளில் எதில் கூடுதலோ அந்தக் கையின் இரத்த அழுத்தத்தில் வரும் இரண்டு எண்களில் பெரியதால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் கால் நாடிகளில் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்களில்) அடைப்பு இருக்கிறது என்று பொருள், 0.5க்குக் கீழே போனால் நிலைமை மோசம். அம்மாவுக்குக் கையில் 140, கணுக்காலில் 210. வகுத்தால் 1.5 வருகிறது. கையை விடக் காலில் அரை மடங்கு கூடுதலான அழுத்தம் எங்கிருந்து வரும் என்று கணக்கு வாத்தியாராகிய நானாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நீண்ட கால நீரிழிவில் நாடிச் சுவரின் நடுப்படையில் கல்சியம் படிந்து சுவர் விறைத்துவிடும். விறைத்த குழாயை அழுத்தப் பட்டை எவ்வளவு ஊதினாலும் எளிதில் நசுக்க முடியாது. தோட்டத்து ரப்பர் குழாயைக் காலால் மிதித்துத் தண்ணீரை நிறுத்தலாம், பீ.வீ.சீ. குழாயை மிதித்தால் நிற்குமா? ஆகவே 1.3 அல்லது 1.4க்கு மேற்பட்ட சுட்டி உள்ளே இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை, சுவர் விறைத்திருப்பதை மட்டுமே சொல்கிறது. இன்னும் சங்கடம் என்னவென்றால், அடைப்பும் விறைப்பும் சேர்ந்து இருக்கும் காலில் இந்தச் சுட்டி 1.1 என்று மிக ஒழுங்கான எண்ணாகவும் வந்து நின்றுவிடலாம்.

பெருவிரலின் சிறு நாடிகளில் இந்தக் கல்சியப் படிவு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால்தான் அங்கே அளக்கிறார்கள். அம்மாவுக்கு எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடம் படுக்க வைத்து, சுண்டுவிரல் அகலப் பட்டையொன்றைப் பெருவிரலின் அடியில் சுற்றி, விரல் நுனியில் சிவப்பு ஒளி விடும் ஒரு சிறு வில்லையை ஒட்டினார்கள். திரையில் நாடித்துடிப்பு சிற்றலையாக ஓடியது. பட்டையை ஊத அலை படுத்துக் கோடாகியது. மெல்லக் காற்றை விட விட, எந்த அழுத்தத்தில் அலை மறுபடி தலை தூக்குகிறதோ அதுதான் விரலின் அழுத்தம். அம்மாவுக்கு 26 வந்தது. அதற்கு முன்பு ஒரு தடவை ஏசி அறையில் எடுத்து 19 வந்ததை அந்தத் தாதி ஏற்கவில்லை. குளிரில் விரல் நாடிகள் சுருங்கிவிடும் என்று காலைப் போர்வையால் மூடி, சூடேறிய பிறகு திரும்ப எடுத்தார். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

விரல் அழுத்தம் 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இருந்தால், புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கருதி இரத்தக்குழாய்களை உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தவோட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் டொப்ளர் கருவியும் உதவும்: ஜெல் பூசிய முனையைக் கணுக்காலின் உட்புறத்தில் வைத்தால், நல்ல நாடி ஒரு துடிப்புக்குள் இரண்டு மூன்று அடிகளாகத் தட்டுவது கேட்கும், மேலே அடைபட்ட நாடி ஒரே இழுவையாக உஸ்ஸென்று காற்றடிப்பதுபோல ஒலிக்கும். தோலின் ஒட்சிசனை அளக்கும் முறையும் உண்டு. ஏறத்தாழ 44 பாகை வரை சூடாக்கிய முனையைத் தோலில் ஒட்டி இருபது நிமிடம் வரை காத்திருப்பார்கள். 25 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே வந்தால் கவலைக்குரியது, ஆனால் கால் வீங்கியிருந்தாலோ கிருமித் தொற்று இருந்தாலோ எண் பொய்யாகக் குறையும். பாதத்தின் மேற்புறத்தில் கைவிரலுக்கு நாடி தட்டுப்படுகிறது என்பதை மட்டும் வைத்துத் திருப்திப்பட வேண்டாம்.

இனிப் புண்ணை அளப்பது. என் கருத்தில் நம்மிடம் ஆகக் கவனக்குறைவாக நடப்பது இதுதான். ‘கொஞ்சம் காய்ந்திருக்கிறது’, ‘முந்தியைவிடப் பரவாயில்லை’ என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை அளவு என்று சொல்ல முடியாது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்புக் கூடுதலாக வரும், ஏனெனில் புண் செவ்வகமாக இருப்பதில்லை; நீள்வட்டமாக இருந்தால் பெருக்கிய விடையை மேலும் 0.785ஆல் பெருக்க வேண்டும். இதைவிடத் திருத்தமானது, இரண்டு படை ஒளிபுகு தாளைப் புண்ணின் மேல் வைத்து விளிம்பை வரைந்து, புண்ணில் பட்ட படையை எறிந்துவிட்டு, மற்றதை வரைபுத்தாளில் வைத்துச் சதுரங்களை எண்ணுவது. தாதி வரைவார், நான் வீட்டில் எண்ணுவேன். காய்ப்பையும் செத்த தசையையும் வெட்டி அகற்றிய பிறகுதான் முதல் அளவை எடுக்க வேண்டும். காய்ப்பு புண்ணை மூடி மறைத்திருக்கும்; வெட்டியதும் புண் பெரிதாகத் தெரியும், அதைக் கண்டு அம்மா அழுதார். பரப்பைப்போல ஆழமும் முக்கியம்: கிருமி நீக்கிய உலோகக் கம்பியால் மெல்லத் தொட்டு, எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள், தட்டுப்பட்டால் எலும்பில் தொற்று இருக்கக்கூடும்.

நான்கு கிழமையில் புண்ணின் பரப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும் கணக்கை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள் என்றால், 2003இல் வெளிவந்த, 203 நீரிழிவுப் பாதப் புண் நோயாளரை வைத்துச் செய்த ஆய்வில், நான்காம் கிழமைக்குள் பரப்பு ஏறத்தாழப் பாதிக்கு மேல் குறைந்தவர்களில் 58 வீதமானோருக்குப் பன்னிரண்டு கிழமைக்குள் புண் முற்றாக ஆறியது, அவ்வாறு குறையாதவர்களில் 9 வீதமானோருக்கே ஆறியது. அம்மாவின் புண் முதல் நான்கு கிழமையில் 4.6 சதுர சென்ரிமீற்றரிலிருந்து 4.1க்கு வந்தது, அதாவது 11 வீதம். நாங்கள் அதை முன்னேற்றம் என்று நினைத்து இன்னும் இரண்டு கிழமை பேசாமல் இருந்தோம்.

பிறகு வேறொரு வைத்தியர் விரல் அழுத்தத்தைக் கேட்டு, 26 என்று கண்டதும் கொழும்புக்கு அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே அடைபட்டிருந்த நாடியைப் பலூன் விட்டு விரித்தார்கள். விரல் அழுத்தம் 52க்கு ஏறியது. புண்ணைத் திரும்பச் சுத்தம் செய்தபோது பரப்பு 5.2, அதற்கு நான்கு கிழமையின் பின் 2.3, அதாவது 56 வீதக் குறைவு. இரத்தம் வந்தது மட்டும் காரணமன்று, அந்த நான்கு கிழமையும் அடிமூட்டில் பாரம் ஏறாதபடி தனியாகச் செய்த செருப்போடுதான் நடந்தார். குசினிக்குக்கூட வெறுங்காலோடு போகத் தங்கச்சி விடவில்லை.

உங்கள் அப்பாவின் நிலைமைக்கு வருகிறேன். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலில், நல்ல பராமரிப்பு இருந்தும் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் புண் ஆறாவிட்டால், படுக்கையருகில் எடுத்த எண்கள் எதுவாக இருந்தாலும் இரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே அடுத்த கிளினிக்கில் பெருவிரல் அழுத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், அங்கே கருவி இல்லையென்றால் எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். புண்ணுக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு கிழமையும் ஒரே தூரத்திலிருந்து எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். விரல் கறுத்தால், படுத்திருக்கும்போது கால் வலித்து அதைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.